அதே மலை, 40 வருஷம் கழித்து

வணக்கம் மக்களே, பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன்: 1959ல் வந்த 'பிளாக் ஓர்ஃபியஸ்', 1999ல் கார்லோஸ் டியெகெஸ் எடுத்த 'ஓர்ஃபெயு'. இரண்டுக்கும் மூலம் ஒரே நாடகம்தான். பாட்டால் எல்லாரையும் மயக்குகிற கிரேக்கக் கதைப் பாடகன் ஓர்ஃபியஸைத் தூக்கிக்கொண்டுவந்து பிரேசிலின் ரியோ நகரத்துக் குடிசை மலையில், கார்னிவல் கூத்துக்கு நடுவில் விட்டுவிட்டார் அந்த நாடகத்தை எழுதிய வினீசியஸ் ஜி மொராயிஸ்.

பழைய படத்தை எடுத்த மார்செல் கமு பிரெஞ்சுக்காரர். கான்ஸ் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது, அப்புறம் ஆஸ்கார், அதுவும் பிரான்ஸ் கணக்கில் போனது. வெளிநாட்டுக்காரர்கள் சொக்கிப்போனார்கள், பிரேசிலிலோ பலருக்கு எரிச்சல். மலையில் குடியிருப்பவன் என்றால் எந்நேரமும் ஆடிப்பாடிக்கொண்டே இருப்பானா என்ன? இளவயதில் அதைப் பார்த்து நெளிந்தவர்களில் பாடகர் கயெட்டானோ வெலோசோவும் ஒருவர். புதுப் படத்துக்கு இசை யார் தெரியுமா? அவரேதான்!

சரி, என்ன மாற்றினார்கள்? பழைய படத்தில் டிராமில் வேலை பார்த்த ஓர்ஃபெயு (ஓர்ஃபியஸைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள்), இப்போது கார்னிவலில் ஆடுகிற சம்பா நடனக் குழுவுக்குப் பாட்டுக் கட்டுகிற நட்சத்திரம், லேப்டாப் வேறு வைத்திருக்கிறான். புதுக் காலம் என்று காட்ட வைத்த அந்தக் குண்டு டப்பாதான் இன்றைக்குப் படத்திலேயே பழசாகத் தெரிகிறது.

பெரிய மாற்றம் சாவில். (கிரேக்கர் காலத்துக் கதை, ஸ்பாய்லர் என்று திட்டாதீர்கள்.) பழையதில் சாவு எலும்புக்கூடு உடை மாட்டிக்கொண்டு ஓர்ஃபெயுவின் காதலி யூரிடிஸைத் துரத்துகிறது, இருட்டு டிராம் ஷெட்டில் அவள் மின்கம்பியைப் பிடித்துத் தொங்க, காப்பாற்ற வந்த ஓர்ஃபெயுவே தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடுகிறான். புதியதில் முகமூடியெல்லாம் கிடையாது. லூசின்யோ, ஓர்ஃபெயுவோடு சின்ன வயதிலிருந்து சேர்ந்து வளர்ந்தவன், இன்று போதைமருந்துக் கும்பலின் தலைவன், அவன் கைத் துப்பாக்கிதான் சாவு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது இதுதான், எலும்புக்கூட்டைவிட, கூடவே வளர்ந்த அந்த நண்பனைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது.

நியாயமான படம் எது என்று கேட்டால் புதுசு என்றுதான் சொல்வேன். ஆனால் பழைய படத்தின் முடிவில் ஒரு பொடியன் கிட்டாரைக் கையில் எடுக்கிறான், வாசித்தால்தான் சூரியன் உதிக்கும் என்று நிஜமாகவே நம்பி வாசிக்கிறான், உதிக்கவும் செய்கிறது, பக்கத்தில் வெள்ளைக் கவுன் போட்ட சிறுமி ஆட ஆரம்பிக்கிறாள். தூங்கப் போகாமல் ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று தடவை பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தது அதைத்தான்.