ஒரே வைரஸ், ரெண்டு தீவு: இங்க 8,500 சாவு, அங்க பூஜ்யம்! நடுவுல என்ன நடந்துச்சு?

[திரை இருட்டு. அலைச் சத்தம் மட்டும்.]

1918 நவம்பர் 7. பசிபிக் கடல் நடுவுல, சமோவா தீவுகள்ல ஆப்பியாங்கிற சின்னத் துறைமுகம். நியூசிலாந்துல இருந்து ஒரு நீராவிக் கப்பல் வந்து நிக்குது. பேரு தலூன். இறங்குற பயணிகள்ல சிலருக்குக் காய்ச்சல். சிலருக்கு நடக்கவே முடியல. யாரும் தடுக்கல. கரையில இறங்கி அவங்கவங்க ஊருக்குப் போயிட்டாங்க.

அடுத்த ரெண்டு மாசத்துல, அந்த நாட்டுல அஞ்சுல ஒருத்தர் உயிரோட இல்ல.

[மேப். கேமரா மெதுவா கிழக்குப் பக்கம் நகருது.]

இப்ப அதே கடல்ல கொஞ்சம் கிழக்கால வாங்க. நூறு கிலோமீட்டர்கூட இல்ல. இன்னொரு தீவு. அதே மக்கள், அதே மொழி, இங்க இருக்கிறவங்களுக்கு அங்க மாமன் மச்சான் உறவு. அதே மாசம், அதே வைரஸ். அங்க அந்த நோய்ல செத்தவங்க எத்தனை பேர் தெரியுமா?

பூஜ்யம். ஒருத்தர்கூட இல்ல.

வணக்கம் மக்களே! ஒரு பெருந்தொற்று ஏன் ஒரு ஊரைத் துடைச்சுப் போட்டுட்டு, பக்கத்து ஊரைத் தொடாமக்கூடப் போகுது? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம். சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லி இப்பவே கேக்கல. பாதி வீடியோ பாருங்க, அப்புறம் கேக்குறேன்.

முதல்ல வரலாறு, ஒரே மூச்சுல: 1918ல முதல் உலகப்போர் முடியுற நேரத்துல ஒரு கொடூரமான ஃப்ளூ உலகத்தைச் சுத்தி வந்துச்சு. 5 கோடிப் பேர் செத்திருக்கலாம்ங்கிறது அடிக்கடி சொல்லப்படுற மதிப்பீடு. பேரு ஸ்பானிஷ் ஃப்ளூ. ஆனா அது ஸ்பெயின்ல பிறந்ததுக்கு எந்த ஆதாரமும் இல்ல. போர்ல சேராத ஸ்பெயின்ல பேப்பர்காரங்களுக்குத் தணிக்கை இல்ல, அவங்க உள்ளதை எழுதினாங்க, பழி அவங்க தலையில விழுந்துச்சு. உண்மையைச் சொன்னவனுக்குத்தான் கெட்ட பேரு! சரி, வரலாறு முடிஞ்சுது. தீவுக்குத் திரும்புவோம்.

சமோவாவை 1899ல ஜெர்மனியும் அமெரிக்காவும் பாகப்பிரிவினை மாதிரி பிரிச்சுக்கிட்டாங்க. ஆப்பியா இருக்கிற மேற்குப் பக்கம் ஜெர்மனிக்கு, கிழக்குப் பக்கம் அமெரிக்காவுக்கு. 1914ல போர் வந்ததும் நியூசிலாந்து படை போய் ஜெர்மன் பக்கத்தைப் பிடிச்சுக்கிச்சு. ஆக, 1918ல மேற்கு சமோவாவை ஆண்டது ராபர்ட் லோகன்னு ஒரு நியூசிலாந்து கர்னல். கிழக்குல அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் பாயர். இந்த ரெண்டு பேரை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

பாயருக்கு ஃப்ளூ பத்தின செய்தி ரேடியோ வழியாத்தான் வந்துச்சு. யாரும் அவருக்கு உத்தரவு போடல. அவரே துறைமுகத்தை இறுக்கினாரு. வர்ற கப்பல்காரங்க நேரா இறங்க முடியாது, தனியா வச்சுக் கண்காணிப்பாங்க. ஆனா எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் துறைமுகம் இல்ல, கடற்கரை. மேற்குல இருந்து சொந்தக்காரங்க சின்னப் படகுல ராத்திரியோட ராத்திரியா வந்து ஏறலாம் இல்லையா? அதைக் கடற்படையால முழுசாத் தடுக்க முடியாது. தடுத்தது யாரு? கிராமத்து ஆளுங்க. ஊர்த் தலைவர்கள் ஒத்துக்கிட்டு, அவங்கவங்க கரைக்கு அவங்கவங்க காவல் நின்னாங்க. வர்றது நம்ம அத்தை மகனா இருந்தாலும் "இறங்காதே, திரும்பிப் போ"ன்னு சொல்லணும். யோசிச்சுப் பாருங்க, அது சாதாரண விஷயமா?

சரி, மேற்குல? நியூசிலாந்துல அப்பவே ஃப்ளூ வெறியாட்டம் ஆடிக்கிட்டு இருக்கு. தலூன் அங்கிருந்துதான் வருது. வழியில ஃபிஜியில அந்தக் கப்பலைத் தனிமைப்படுத்தி வச்சிருந்தாங்க. ஆனா ஆப்பியாவுக்கு வந்தப்போ கதவு திறந்திருந்துச்சு. ஒரே வாரத்துல அந்தத் தீவு முழுக்கப் பரவிச்சு. அப்புறம் அடுத்த பெரிய தீவு.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். ஏன்னா எல்லாரும் "எத்தனை பேர் செத்தாங்க"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுறாங்க. எப்படிச் செத்தாங்கன்னு பார்த்தாத்தான் இந்த வீடியோவோட கேள்விக்கே பதில் கிடைக்கும்.

[வெறும் வீட்டுத் திண்ணை. ஒரு காலிக் குடம்.]

ஒரு வீட்டுல எட்டுப் பேர்னு வைங்க. ஒருத்தருக்கு ஃப்ளூ வந்தா மத்த ஏழு பேர் கஞ்சி வைப்பாங்க, தண்ணி கொடுப்பாங்க, நெத்தியில ஈரத்துணி போடுவாங்க. அன்னைக்கு ஃப்ளூவுக்கு மருந்து கிடையாது. நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக்கும் கிடையாது. அப்போ இருந்த ஒரே வைத்தியம் இந்தப் பணிவிடைதான். இப்ப அந்த எட்டுப் பேரும் ஒரே நாள்ல படுத்துட்டா? குடத்துல தண்ணி எடுக்க ஆள் இல்ல. அடுப்பு பத்த வைக்க ஆள் இல்ல. தோட்டத்துல கிழங்கு விளைஞ்சு நிக்கும், பிடுங்க ஆள் இல்ல. பக்கத்து வீட்டைக் கூப்பிடலாம்னா அங்கயும் எட்டுப் பேரும் பாய்ல கிடக்கிறாங்க. ஃப்ளூ பாதி கொன்னா, மீதியைப் பசியும் தாகமும் பார்த்துக்கிச்சு. லாரி வச்சுப் பிணம் எடுத்துக்கிட்டுப் போய் பெரிய குழியில மொத்தமாப் புதைச்சாங்க, பாயில சுத்தி.

"கர்வைத் தட்டையாக்கணும்"னு கொரோனா நேரத்துல டிவியில சொல்லிச் சொல்லி நம்ம காதைப் புண்ணாக்கினாங்களே, அது வேற ஒண்ணும் இல்ல மக்களே. எல்லாரும் ஒரே நேரத்துல படுக்கக் கூடாது. எந்த நாள்லயும் தண்ணி எடுத்துக் கொடுக்க யாராவது ஒருத்தர் எழுந்து நிக்கணும். அவ்வளவுதான் விஷயம். அந்த கிராஃப் போடுறதுக்குப் பதிலா ஒரு குடத்தைக் காட்டியிருந்தா எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.

இப்ப கோபம் வர்ற இடம். கிழக்குல இருந்த அமெரிக்கக் கடற்படைகிட்ட மருத்துவ ஆளுங்க இருந்தாங்க. பாயர் உதவி அனுப்புறேன்னு தந்தி கொடுத்தாரு. லோகன் ஏத்துக்கல. தபால் படகை, அமெரிக்கப் பக்கத்துத் துறைமுகமான பாங்கோ பாங்கோவுல கெடுபிடி பண்ணி ஒதுக்கி வச்சதுல அவருக்கு ஏற்கெனவே ரோஷம். ரேடியோத் தொடர்பையே துண்டிச்சுட்டாரு. (எழுதுறது பாகோ பாகோ, வாசிக்கிறது பாங்கோ பாங்கோ. கமெண்ட்ல திருத்த வராதீங்க!) ஒரு மனுஷனோட ரோஷத்துக்கு ஒரு நாடு கொடுத்த விலையைப் பாருங்க. மொத்தம் 38,000 பேர் இருந்த இடத்துல சுமார் 8,500 பேர். வளர்ந்த ஆண்கள்ல 30 சதவீதம், பெண்கள்ல 22, குழந்தைகள்ல 10.

அந்தக் கணக்கை இன்னொரு தடவை பாருங்க. ஆண்கள் அதிகம், குழந்தைகள் கம்மி. வழக்கமா ஃப்ளூ குழந்தைகளையும் கிழவங்களையும்தான் அடிக்கும். 1918 வைரஸ் உலகம் முழுக்கவே 20லிருந்து 40 வயசுக்காரங்களைத் தேடித் தேடி அடிச்சுது. சமோவாவுல செத்தது குடும்பத்தைத் தாங்குறவங்க, நிலத் தகராறைத் தீர்த்து வைக்கிற தலைவர்கள், வம்சக் கதையை மனப்பாடமா வச்சிருந்தவங்க. 8,500ங்கிற எண்ணிக்கையில அது தெரியாது. ஒரு ஊர்ல அடுத்த பஞ்சாயத்துக்கு உட்கார ஆள் இல்லாதப்போதான் தெரியும்.

"அண்ணே, தீவுன்னா ஈஸி. சுத்திக் கடல். கதவைச் சாத்திட்டா முடிஞ்சுது, இதுல என்ன பெருமை?"ன்னு கேப்பீங்க. கேளுங்க. டோங்கா தீவுதான். ஃபிஜி தீவுதான். நவ்ரு தீவுதான். எல்லாத்தையும் ஃப்ளூ பதம் பார்த்துச்சு. கடல் எல்லாருக்கும் இருந்துச்சு. சாத்தணும்னு தோணின ஆளும், சாத்தின கதவைக் காக்க ஒத்துக்கிட்ட ஊரும் சேர்ந்து இருந்தது கொஞ்ச இடத்துலதான். அதுக்காக பாயரை நான் தெய்வமாக்கலை. அவரும் யாரும் ஓட்டுப் போடாம வந்து உட்கார்ந்த ராணுவ ஆட்சியாளர்தான். சமோவாக்காரங்க சொந்தமா முடிவெடுக்கிற நிலைமை ரெண்டு பக்கமும் இல்ல. ஒரு பக்கத்துக்கு வாய்ச்ச அதிகாரி சரியா இருந்தாரு, அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் பயமா இருக்கு.

[பாதி வீடியோ தாண்டியாச்சு. இப்ப சப்ஸ்கிரைப் பண்ணலாம். மணி ஐகான் உங்க இஷ்டம்.]

சரி, அது ரெண்டு தீவு. ஒரே ஊருக்குள்ள?

1918 பம்பாய். ஜூன் மாசம் துறைமுகம் வழியாத்தான் அங்கயும் நுழைஞ்சுது. முதல்ல ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்கள்ல போலீஸ் சிப்பாய்கள் இருந்தாங்க. நகராட்சி சாவுக் கணக்கை மதம், சாதி வாரியா எழுதி வச்சுது. அந்த எழுத்துதான் இன்னைக்கு சாட்சி. 1000 ஐரோப்பியர்களுக்கு 8.3 பேர் செத்தாங்க. பார்சிகள்ல 9. அந்த ஆவணம் "தாழ்ந்த சாதி இந்துக்கள்"னு குறிச்சு வச்ச மக்கள்ல? 61.6. ஒரே ஊர், ஒரே கடல் காத்து, ஏழு மடங்குக்கு மேல வித்தியாசம்! வைரஸுக்கு சாதி தெரியாதுன்னு சொல்றவங்க உண்டு. தெரியாதுதான். ஆனா ஒரே அறையில எத்தனை பேர் படுக்கிறாங்க, காய்ச்சலோட வேலைக்குப் போக வேண்டியவன் யாரு, யாரைத் தேடி டாக்டர் வருவாரு, இதெல்லாம் சாதிக்குத் தெரியும். வைரஸ் அதுக்குப் பின்னாடி நடந்து போனா போதும்.

அந்த வருஷம் மழையும் பொய்ச்சுது, தானிய விலை ஏறிச்சு. இந்தியா முழுக்கச் செத்தவங்க குறைஞ்சது 1.2 கோடி, இன்னும் அதிகம்னு சொல்ற ஆய்வாளர்களும் உண்டு. நம்ம மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரலாற்றுல ஜனத்தொகை குறைஞ்ச ஒரே பத்தாண்டு 1911லிருந்து 1921 வரைக்கும்தான்.



கொரோனாவுக்கு வருவோம், சுருக்கமா. சிங்கப்பூர். வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகள்ல சுமார் 3,23,000 பேர். பெரும்பாலும் இந்தியா, பங்களாதேஷ்ல இருந்து போனவங்க. ஒரு அறைக்கு 12லிருந்து 20 பேர், அடுக்குக் கட்டில், பொதுக் கழிப்பறை. 2020 டிசம்பர் கணக்குப்படி அவங்கள்ல 47 சதவீதம் பேருக்குத் தொத்தியிருந்துச்சு. அதே ஊர்ல விடுதிக்கு வெளிய அது ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா விடுதிக்காரங்கள்ல செத்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஏன்? இளவயசு. கொரோனா கிழவங்களை அடிச்சுது, 1918 மாதிரி இல்ல. வைத்தியமும் கிடைச்சுது. ஆக, "பாதிப்பு"ங்கிற ஒத்தை வார்த்தையை வச்சுக்கிட்டு ஒண்ணும் பேச முடியாது. தொத்துறது ஒரு கணக்கு, சாகுறது ஒரு கணக்கு. மூணாவதா, உயிரோட இருந்தும் மாசக்கணக்குல விடுதியை விட்டு வெளிய வர முடியாமக் கிடந்தது ஒரு கணக்கு. அதை எந்த கிராஃப்லயும் போடல. இந்தியாவுல 2020 மார்ச் 24 ராத்திரி 8 மணிக்கு அறிவிச்சு 12 மணிக்குப் பூட்டினாங்களே, அந்த உத்தரவுல "வீட்டுல இருங்க"ன்னுதான் இருந்துச்சு. வீடு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தவங்க நடந்தாங்க.

[மறுபடி அலைச் சத்தம்.]

சமோவாவை நான் இன்னும் முடிக்கல, ஏன்னா அங்க கதை முடியல. 1919ல விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துச்சு, நிர்வாகத் தப்புகளை எழுதிச்சு. ஆனா ஜனங்க மனசுல அந்தக் குழி மூடல. நியூசிலாந்து ஆட்சியை எதிர்த்து மாவ்னு ஒரு அகிம்சை இயக்கம் வளர்ந்துச்சு. அது வளர ஃப்ளூ சாவும் ஒரு காரணம். 1929 டிசம்பர் 28ல அவங்க ஊர்வலத்துல போலீஸ் சுட்டு, தலைவர் தமசேசே செத்தாரு. 1962ல சுதந்திரம். 2002ல நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் நேர்ல போய் மன்னிப்புக் கேட்டாங்க. கப்பல் வந்து 84 வருஷம் கழிச்சு.

அப்புறம் 2019. இது பெருந்தொற்று இல்ல, தட்டம்மை. ஆனா சொல்லியே ஆகணும். அதுக்கு முந்தின வருஷம் தடுப்பூசி மருந்தைத் தப்பாக் கலந்து போட்டதுல ரெண்டு குழந்தைங்க இறந்துபோச்சு. தப்பு மருந்துல இல்ல, கலந்ததுல. ஆனா தாய்மாருக்கு நம்பிக்கை போயிடுச்சு, தடுப்பூசித் திட்டமும் மாசக்கணக்குல நின்னுச்சு. தட்டம்மை வந்தப்போ 83 பேர் செத்தாங்க, பெரும்பாலும் அஞ்சு வயசுக்குக் கீழ. திட்டம் நின்னது மட்டும் காரணம் இல்ல. ரெண்டு குழந்தைங்களோட சாவுக்குப் பிறகு, ஊசியைப் பார்த்தாலே பயம்.

அப்ப அரசாங்கம் என்ன பண்ணிச்சு தெரியுமா? டிசம்பர் மாசம் ரெண்டு நாள் நாட்டையே மூடிச்சு. கடை இல்ல, ஆபீஸ் இல்ல. வீட்டுல ஊசி போடாதவங்க இருந்தா வாசல்ல ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கன்னு சொல்லிச்சு. ஜனங்க கட்டினாங்க. வேலியில, மரத்துல, தூண்ல சிவப்புத் துணி. வேன் ஒவ்வொரு துணிக்கும் முன்னாடி நின்னுச்சு, நர்ஸ் இறங்கி உள்ள போனாங்க. 101 வருஷம் முன்னாடி அதே ஆப்பியாவுல, எட்டுப் பேரும் பாய்ல கிடந்த அந்த வீட்டு வாசல்ல வந்து நிக்கத்தான் ஒரு ஆள் இல்லாமப் போச்சு.