கடைசி வண்டி வந்த பிறகு பத்து நிமிடம்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு நாள் முழுக்க சைக்கிளில் போவது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வருடத்துக்கு ஒரு முறை, தை மாதம், இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை நாங்கள் கூட்டமாக சைக்கிளில் போகிறோம். ஏறக்குறைய 75 கிலோமீட்டர் வரும்.

75 என்றதும் மலைக்க வேண்டாம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பலர் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, பிறகு அதே சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் சந்தைக்கும் போனவர்கள்தான். மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது யாரும் பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகம். அந்த வேகத்தில் 5 மணி நேரம் மிதித்தால் அரிச்சல்முனை வந்துவிடும். நடுவே உட்காருவதற்கும் சாப்பிடுவதற்கும் ஒரு 3 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மதியம் ஒன்றரைக்குக் கடலில் கால் நனைக்கலாம்.

ஆனால் தனியாக 75 கிலோமீட்டர் போவதும் கூட்டமாகப் போவதும் ஒன்றில்லை. எனக்கு அதைப் புரிய வைத்தவர் ஒரு பெண். அவர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2009-ஆம் வருடம், ஆடி மாதம். நான் முதன்முதலில் ஏற்பாடு செய்த பயணம் அது. 11 பேர். இராமேஸ்வரம் போய் அன்றைக்கே சைக்கிளிலேயே திரும்புவது என்று திட்டம். ஆடி மாதம் நம் கடற்கரையில் எந்தக் காற்று வீசும் என்று உங்களுக்குத் தெரியும். மேற்கேயிருந்து கச்சான். போகும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளியது. மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. மண்டபம் வந்ததே தெரியவில்லை. இளைஞர்களெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். இவ்வளவுதானா இராமேஸ்வரம் என்று பேசிக்கொண்டோம்.

திரும்பும்போது அதே கச்சான் முகத்தில் அறைந்தது.

எங்களோடு ஒரு செவிலியர் வந்திருந்தார். கூடை வைத்த சாதாரண லேடீஸ் சைக்கிள். காலையில் அவர் கூட்டத்தோடு கூட்டமாக வந்தார். எதிர்காற்றில் பின்தங்க ஆரம்பித்தார். நாங்கள் அவரை விட்டுவிட்டுப் போகவில்லை. அதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஐந்தாறு கிலோமீட்டருக்கும் நிழல் பார்த்து நின்றோம். உட்கார்ந்தோம், தண்ணீர் குடித்தோம், காலை நீட்டினோம். கால் மணி நேரத்தில் அவர் வந்து சேருவார். "வந்துட்டாங்க, வந்துட்டாங்க, கிளம்பலாம்" என்று எல்லோரும் எழுந்து விடுவோம். அவரும் எங்கள் பின்னாலேயே கிளம்பிவிடுவார்.

நான்காவது நிறுத்தத்தில் அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், நீங்க எல்லாரும் நாலு தடவை உட்கார்ந்து எந்திரிச்சிட்டீங்க. நான் இன்னும் ஒரு தடவைகூட உட்காரலை."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைச் சொன்னார். மனதில் போட்டுப் பாருங்கள். முன்னால் போனவர்களுக்கு நான்கு கால் மணி, ஆக ஒரு மணி நேரம் ஓய்வு. கடைசியில் வந்தவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்குத்தான் ஓய்வே கிடைக்கவில்லை. அவருக்காகக் காத்திருக்கிறோம், எவ்வளவு நல்ல மனிதர்கள் நாம் என்று நினைத்துக்கொண்டே நாங்கள் அதைச் செய்திருக்கிறோம்.

அன்றைக்கு அந்த உடைமரத்தடியில் ஒரு விதி வைத்தோம். இன்றுவரை மாற்றவில்லை. எங்கே நின்றாலும், எத்தனை பேர் முன்னால் வந்து எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும், கடைசி வண்டி வந்து நின்று, அதில் வந்தவர் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் பத்து நிமிடக் கணக்கு தொடங்கும். திரும்பவும் சொல்கிறேன், கடைசி வண்டி வந்த பிறகு பத்து நிமிடம். கூட்டமாகப் போக நினைப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இந்த விதி வந்ததும் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். முன்னால் பறப்பதில் லாபம் இல்லை என்று இளைஞர்களுக்குத் தெரிந்துவிட்டது. எப்படியும் கடைசி வண்டிக்காகக் காத்திருக்கத்தானே வேண்டும். கூட்டம் தானாகவே நெருங்கி வந்தது.

அப்புறம், கடைசி வண்டியில் யார் வர வேண்டும்? பலம் குறைந்தவர் தனியாகக் கடைசியில் வரக் கூடாது. அவருக்கும் பின்னால் ஒருவர் வர வேண்டும். நன்றாக ஓட்டக்கூடியவர், அவசரமில்லாதவர், பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர். பம்பு, ஒட்டுப்போடும் சாமான், முதலுதவிப் பை எல்லாம் அவரிடம்தான் இருக்கும். பம்பை முன்னால் போகிறவர் வைத்திருந்தால் என்ன பயன்? பஞ்சர் ஆனவர் பின்னால் நிற்பார், பம்பு பத்து கிலோமீட்டர் தாண்டிப் போயிருக்கும். எங்கள் கூட்டத்தில் பல வருடமாகக் கடைசி வண்டியில் வருபவர் யார் தெரியுமா? அந்தச் செவிலியர்தான். பின்தங்குகிறவருக்கு என்ன தேவை என்று அவருக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் சொல்லித்தான் இன்னொன்றும் எனக்குத் தெரிந்தது. கூட்டத்தில் வரும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மிதிக்கிறார்கள். காரணம், வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாது. கேட்கவும் கூச்சம். தை மாதமானாலும் நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மிதித்தால் மயக்கம் வராமல் என்ன செய்யும்? ஆகவே நிறுத்தங்களை நிழல் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பேருந்து நிலையம், பெட்ரோல் பங்க், தெரிந்தவர் வீடு என்று முன்கூட்டியே போய்ப் பார்த்துப் பேசி வையுங்கள். கிளம்பும் முன்பே எல்லோரிடமும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள், இந்தந்த இடத்தில் கழிப்பறை உண்டு என்று.

சரி, காற்றுக்கு வருகிறேன். ஆடியில் பட்ட அனுபவத்துக்குப் பிறகு நாங்கள் தை, மாசி தவிர வேறு மாதத்தில் போவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும். பங்குனி வெயில் இன்னும் வந்திருக்காது. வாடைக்காற்று இருக்கும், ஆனால் கச்சான் அளவுக்கு மல்லுக்கு நிற்காது. விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். சீக்கிரம் கிளம்புங்கள் என்று நான் நச்சரிப்பது வெயிலுக்காக மட்டுமில்லை.

அறிவியல் ஆசிரியராக ஒரு வார்த்தை. எதிரே வரும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தடுக்கும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் எதிர்காற்றில் இன்னும் கொஞ்சம் வேகம் என்று அழுத்தினால் கால் அவ்வளவு சீக்கிரம் சோர்ந்துபோகிறது. வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் இருப்பவருக்குப் பாரம் குறையும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் இருப்பவர் மாறிக்கொள்ளலாம். ஆனால் முன் சக்கரத்தை அடுத்தவர் பின் சக்கரத்தில் உரசும் அளவுக்கு நெருங்க வேண்டாம். புதியவர்கள் ஒரு சைக்கிள் நீளம் விட்டுத்தான் வர வேண்டும். பள்ளம் வந்தால் முன்னால் இருப்பவர் குரல் கொடுக்க, அது வரிசையில் கடைசி ஆள் வரை போய்ச் சேர வேண்டும்.

பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் இராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போய் வாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 30 கிலோமீட்டர். தை மாதத்தில் போகும்போது வாடை முகத்தில் இருக்கும், திரும்பும்போது முதுகில் இருக்கும். கஷ்டம் காலையிலேயே முடிந்துவிடும். கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை, அதாவது நவக்கிரகக் கற்களைப் பார்த்துவிட்டு பதினொரு மணிக்குள் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்.

நாள் பார்க்கும்போது தை அமாவாசையைத் தவிருங்கள். இராமேஸ்வரம் சாலை முழுக்க வண்டிகளாக இருக்கும், சைக்கிளுக்கு இடம் கிடைக்காது. சனி, ஞாயிறைவிட வேலை நாள் நல்லது.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் சைக்கிள் பேச்சு முடியாது. சீமைக்கருவேல முள். விறகு வெட்டிக் கரி மூட்டத்துக்கு ஏற்றிப்போகும் வண்டிகளிலிருந்து சாலையோரம் விழுந்துகொண்டே இருக்கும். தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கினால் பஞ்சர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் ஒதுங்கும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். பஞ்சர் ஆகிவிட்டால் ட்யூபை ஒட்டியதும் உடனே மாட்டிவிட வேண்டாம். முள் டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். ஒரு பழைய துணியைச் சுருட்டி டயரின் உட்பக்கம் முழுக்கச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. அதைப் பிடுங்காமல் ஒட்டினால் அடுத்த கிலோமீட்டரில் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பாம்பன் பாலம். 1988-இல் திறந்த சாலைப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுப்பகுதி உயரமாக இருப்பதால் ஏற்றம் உண்டு. ஏற்றத்தைவிடப் பக்கக்காற்றுக்குத்தான் கவனம் தேவை. ஒரு பேருந்து கடந்து போகும்போது காற்று ஒரு நொடி மறைந்து, மறுநொடி பலமாகத் தள்ளும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் தோளைத் தளர்த்திக்கொண்டு, வரிசையாகப் போங்கள். காற்று அதிகமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு குறைவும் இல்லை. நாங்கள் இரண்டு வருடம் அப்படித்தான் கடந்தோம். தள்ளிக்கொண்டு போனதால் கீழே 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலத்தையும், 2025-இல் திறந்த புதுப் பாலத்தையும், விசைப்படகுகளையும் ஆற அமரப் பார்க்க முடிந்தது. காரில் போகிறவர்களுக்கு அது இரண்டு நிமிடக் காட்சி.

இராமேஸ்வரம் தாண்டிய பிறகுதான் இந்தப் பயணத்தின் உயிரே இருக்கிறது. முன்பெல்லாம் தார்ச்சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மணலில் வேன்கள்தான் போகும். நாங்கள் சைக்கிளை அங்கேயே நிறுத்திவிட்டு ஏக்கத்தோடு திரும்பியிருக்கிறோம். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தார்கள். அடுத்து வந்த தை மாதத்துக்காக நான் எப்படிக் காத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. இடது பக்கம் அமைதியாகக் கிடக்கும் பெண்கடல், வலது பக்கம் அலையடிக்கும் ஆண்கடல், நடுவில் ஒரு கோடு போல் சாலை. எஞ்சின் சத்தம் இல்லாமல் அந்த வழியில் போகும்போது இரண்டு கடலின் சத்தமும் தனித்தனியாகக் காதில் விழும். கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கிய நீரில் பூநாரைகள் நிற்கும் பருவமும் அதுதான். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்துச் சுவர் வந்ததும் நாங்கள் எல்லோரும் இறங்கிவிடுவோம். யாரும் இறங்கச் சொல்வதில்லை. அந்தப் புயல் இரவில் கடல் அடித்துக்கொண்டு போன ரயிலோடு போனவர்களின் உறவினர்கள் இன்னும் இந்தக் கரையில் இருக்கிறார்கள்.

அங்கே நிழல் கிடையாது, காற்று மணலைத் தார்ச்சாலையில் கொண்டுவந்து போட்டிருக்கும். மணல் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், சக்கரம் வழுக்கும். இராமேஸ்வரத்திலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர்.

சாப்பாடு பற்றியும், சைக்கிளை முந்தின வாரமே தயார் செய்வது பற்றியும் விரிவாகப் பேச நினைத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார்கள், மூன்று நிமிடம்தான் இருக்கிறது. வேகமாகச் சொல்கிறேன். பசிப்பதற்கு முன்பே சாப்பிடுங்கள். உச்சிப்புளியில் இட்லி, அப்புறம் மணிக்கு ஒரு முறை வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. எலுமிச்சைச் சாற்றில் உப்பும் கருப்பட்டியும் கரைத்து பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

சீட்டின் உயரம். பெடலைக் கீழே கொண்டுபோய்க் குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். குதிகாலை வைத்தால் கால் நேராக வேண்டும். முழங்கால் வலி என்று வருகிறவர்களில் பலருக்கு சீட்டு தாழ்வாக இருப்பதுதான் காரணம். சக்கரத்தில் கோட்டம் இருந்தால் முன்பே கடையில் எடுத்துவிடுங்கள். புது டயர், புது சீட்டு எதையும் அன்றைக்குக் காலையில் மாட்டாதீர்கள்.

திரும்புவதற்கு நாங்கள் ஒரு குட்டி யானை சரக்கு வண்டியை இரண்டு மணிக்கு அரிச்சல்முனைக்கு வரச் சொல்லிவிடுவோம். சைக்கிள்கள் அதில், ஆட்கள் பேருந்தில். மாலைக்குப் பிறகு அங்கே இருக்க விடமாட்டார்கள், அதனால் நேரத்தோடு கிளம்பிவிட வேண்டும். வண்டியில் ஏற்றும்போது சைக்கிள்களுக்கு நடுவே சாக்கு வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்போக்ஸ் வளையும்.

கடைசியாக, கையசைக்கிறார்கள், முடித்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். கடல் காற்றின் உப்பு ஒரே இரவில் செயினில் துருவேற்ற ஆரம்பித்துவிடும். துடைத்து, காய வைத்து, செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுப் படுங்கள்.

வணக்கம்.