கூண்டுக்கு வெளியே இருப்பவற்றையும் எண்ணுங்கள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் வனத்துறை உயர் அலுவலர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய விலங்கியல் பேராசிரியர் அவர்களே, எனக்குப் பின்னால் பேச இருக்கும் கால்நடை மருத்துவர் அவர்களே, இயற்கை ஆர்வலர் மன்றத்தின் பொறுப்பாளர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோருக்கும் என் அன்பான வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. பறவைகளைப் பற்றிப் பேச ஆளே கிடைக்காத காலத்தில் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசியவர் அவர். இந்த மன்றத்தில் இன்று இத்தனை இளைஞர்கள் இருக்கிறார்கள் என்றால் அது அவர் போட்ட விதை. வனத்துறை அலுவலர் அவர்கள் அவ்வளவு வேலைகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் நன்றி. இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. கடைசி வரிசையில் காக்கிச் சட்டையோடு ஆறேழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பாருங்கள். விலங்குப் பூங்காவில் கூண்டு கழுவி, தீனி வைத்து, இரவு ரோந்து போகிறவர்கள். இன்று நான் சொல்லப்போவதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். மேடையில் உட்கார வேண்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கு முதலில் ஒரு கைதட்டல் கொடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விலங்குப் பூங்கா என்றதும் நம் நினைவுக்கு வருவது கூண்டுக்குள் இருக்கும் புலி, சிங்கம், நீர்யானை. ஆனால் அதே வளாகத்தில் யாரும் பிடித்து வராத, யாரும் பெயர்ப்பலகை வைக்காத உயிர்கள் எத்தனையோ இருக்கின்றன. மரத்தில் வவ்வால், குளத்தில் கொக்கு, புதரில் கீரி, தீனி அறையில் எலி, எலியைத் தேடி வந்த பாம்பு. இவை ஏன் வருகின்றன, வந்தால் பூங்காவுக்கு நன்மையா தீமையா, இவற்றுக்காக நாம் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று செய்திகளை இன்று உங்கள் முன் வைக்க நினைத்திருக்கிறேன்.

ஏன் வருகின்றன? உயிருக்கு என்ன வேண்டுமோ அதெல்லாம் அங்கே இருக்கிறது. வற்றாத தண்ணீர், வெட்டப்படாத பழைய மரம், வேட்டைக்காரன் நுழைய முடியாத மதில், வேளை தவறாத தீனி. டெல்லி தேசிய விலங்குப் பூங்கா 1959இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1960இல், யாரும் அழைக்காமல் மஞ்சள் மூக்கு நாரைகள் வந்து சேர்ந்தன. குளங்களின் நடுவே உள்ள திட்டுகளில், மரங்களின் மேல் கூடு கட்டின. அன்று தொடங்கிய வழக்கம். ஆகஸ்ட், செப்டம்பரில் வருவதும், குஞ்சு பொரித்து வளர்த்து மார்ச் வாக்கில் கிளம்புவதும் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. வெயில் ஏறும் நேரத்தில் அந்தக் கூடுகளைப் பார்க்க வேண்டும். தாயோ தகப்பனோ கூட்டின் விளிம்பில் நின்று இரண்டு இறக்கையையும் பாதி விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும். கீழே அந்த நிழலில் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடக்கும். சூரியன் நகர நகரப் பறவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நிற்கும். நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போகிறவர்களில் பாதிப் பேர் இதை நிமிர்ந்து பார்க்காமலே புலியைத் தேடி ஓடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

வாஷிங்டன் தேசிய விலங்குப் பூங்காவில் இராக்கொக்குகள் நூறு ஆண்டுக்கும் மேலாகக் கூடு கட்டி வருகின்றன. அவை குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று வெகுகாலம் யாருக்கும் தெரியாது. சிறு கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்த பிறகுதான் சில பறவைகள் ஃபுளோரிடா வரை போய் வருவது தெரிந்தது.

பறவை மட்டுமா? ஒடிசாவில் நந்தன்கானன் பூங்கா சந்தகா காட்டை ஒட்டி இருக்கிறது. 1967இல் காட்டிலிருந்து ஒரு பெண்புலி தானாக வந்து, பிரதீப் என்ற ஆண்புலி இருந்த அடைப்புக்குள் குதித்துவிட்டது. பெண்புலிக்குக் கானன் என்று பெயர் வைத்தார்கள். 2013இல் ஓர் ஆண்புலி அதே போல வந்து, சில வாரம் இருந்துவிட்டு, தப்பிக் காட்டுக்கே போய்விட்டது. மதிலும் அகழியும் நாம் போட்ட கோடு. காட்டுக்கு அது தெரியாது.

அடுத்து, நன்மையா தீமையா. இங்கே நம் முன்னோர் சொன்ன ஒரு பழமொழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே." கூண்டுக்கு வெளியே திரியும் இந்த உயிர்கள்தான் அந்த மணி. யானை எது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். கதை என்றாலும் நடந்தது. மாணவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

1999ஆம் ஆண்டு கோடைக்காலம். நியூயார்க் நகரத்தில் பிராங்க்ஸ் விலங்குப் பூங்கா. அங்கே டிரேசி மெக்நமாரா என்ற அம்மையார் நோயியல் மருத்துவராக இருந்தார். பூங்காவில் எந்த உயிர் இறந்தாலும் அறுத்துப் பார்த்து, ஏன் இறந்தது என்று சொல்வது அவர் வேலை. ஆகஸ்ட் மாதம், பூங்கா வளாகத்திலும் சுற்றுப்புறத்திலும் காகங்கள் செத்து விழுகின்றன. பூங்கா வளர்த்த காகங்களா? இல்லை. கணக்கில் உள்ள காகங்களா? இல்லை. தூக்கிக் குப்பையில் போட்டிருந்தால் கேட்பார் யாரும் இல்லை. ஆனால் அந்த அம்மையார் போடவில்லை. மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார், அறுத்துப் பார்த்தார். மூளையில் இரத்தக் கசிவு. இதயத் தசையில் வீக்கம். காகத்துக்கு இப்படி ஒரு நோயை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதே நேரத்தில் அதே ஊரில், குயின்ஸ் பகுதியில், வயதானவர்கள் மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வருகிறார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இது செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல், கொசுவால் பரவுகிறது. நகரமெங்கும் கொசு மருந்து அடித்தார்கள். காகத்தையும் மனிதரையும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை. காகத்தைப் பார்ப்பது ஓர் அலுவலகம், மனிதரைப் பார்ப்பது இன்னோர் அலுவலகம்.

செப்டம்பர் முதல் வாரத்தில் மணி இன்னும் பக்கத்தில் கேட்டது. இப்போது இறந்தவை பூங்காவின் சொந்தப் பறவைகள். பூநாரை போனது, நீர்க்காகம் போனது, ஆசிய நாட்டுப் பறவை ஒன்றும் போனது. மெக்நமாரா உட்கார்ந்து யோசித்தார். எப்படி யோசித்தார் என்பதுதான் இந்தக் கதையின் உயிர். செயின்ட் லூயிஸ் காய்ச்சல் கிருமியைப் பறவைகள் சுமக்கும், ஆனால் அதனால் இப்படிச் சாகாது. அப்படியானால் இது செயின்ட் லூயிஸ் இல்லை. குதிரைகளைத் தாக்கும் இன்னொரு மூளைக்காய்ச்சல் அங்கே உண்டு. அது வந்தால் ஈமு கோழிகள் முதலில் விழும். எழுந்து போய் ஈமு அடைப்பைப் பார்த்தார்கள். ஈமுக்கள் ஜம்மென்று நடமாடிக்கொண்டிருந்தன! அதுவும் இல்லை என்றால், இது இந்த மண்ணுக்கே புதிதாக வந்த ஏதோ ஒன்று.

தொலைபேசியை எடுத்தார். மனிதரின் நோயும் பறவையின் நோயும் ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தார். யாரும் சட்டென்று காது கொடுக்கவில்லை. அவரும் விடவில்லை. கால்நடை ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினார். பிறகு இராணுவ ஆய்வகம் வரை கொண்டுபோனார். செப்டம்பர் இறுதியில் உண்மை வெளிவந்தது. 1937இல் உகாண்டாவில் முதலில் கண்டறியப்பட்ட வெஸ்ட் நைல் வைரஸ் அது. மேற்கு அரைக்கோளத்தில் அதற்கு முன் அது காலடி வைத்ததே இல்லை. அந்த ஆண்டு நியூயார்க்கில் 7 பேர் இறந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும் அது பரவியது. பிறகுதான் அமெரிக்காவில் விலங்குப் பூங்காக்களையும் சேர்த்து இந்த வைரஸைக் கண்காணிக்கும் திட்டமே வந்தது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே! ஒரு பெரிய நாட்டின் அத்தனை மருத்துவமனைகளுக்கும் முன்னால் மணி அடித்தது யார்? பெயர்ப்பலகை இல்லாத காகம். அதைக் குப்பையில் போடாமல் மேசையில் வைத்தார் ஓர் அம்மையார். அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கும் மணி அடித்திருக்கிறது. 2016 அக்டோபரில் டெல்லி பூங்காவில் பறவைகள் அடுத்தடுத்து இறந்தன. நான் சொன்ன மஞ்சள் மூக்கு நாரைகளும் அவற்றில் உண்டு. பறவைக் காய்ச்சல் என்று உறுதியானதும் பூங்காவையே மூடிவிட்டார்கள். காட்டுப் பறவையும் பூங்காப் பறவையும் குடிப்பது ஒரே குளத்துத் தண்ணீர்தானே.

தீமையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2022 மே மாதம் வாஷிங்டன் பூங்காவில் ஒரு நரி கம்பி வலையில் கைப்பிடி அளவு ஓட்டை போட்டு நுழைந்து, ஒரே இரவில் 25 பூநாரைகளைக் கொன்றது. 2016இல் லாஸ் ஏஞ்சலஸ் பூங்காவில் ஒரு கோவாலா காணாமல் போனது. பக்கத்து மலைப் பூங்காவில் வாழ்ந்த, கழுத்துப்பட்டை போட்ட பி-22 என்ற மலைச்சிங்கம், அதாவது பூமா என்னும் பெரிய காட்டுப்பூனை, முந்தைய இரவு கேமராவில் பதிவாகியிருந்தது. அந்தச் சிங்கத்தை ஊரைவிட்டே அனுப்ப வேண்டும் என்று குரல் எழுந்தது. அனுப்பவில்லை. கோவாலாக்களை இரவில் உள்ளே கொண்டுபோய் அடைத்தார்கள். அதுதான் சரியான முடிவு என்பது என் கருத்து. காவலைப் பலப்படுத்துவது நம் வேலை. இரை தேடுவது அதன் வேலை. ஆனால் இரவில் என்ன வருகிறது என்று தெரிந்தால்தானே காவலைப் பலப்படுத்த முடியும்? யார் கவனிக்கிறார்கள், யார் எழுதி வைக்கிறார்கள்?

இங்கேதான் என் கோரிக்கை வருகிறது. இரண்டு ஆண்டுகளாக இதைத்தான் மேடைக்கு மேடை சொல்லி வருகிறேன். பூங்காவின் சொந்த விலங்குகளுக்குக் கணக்கு உண்டு. பிறப்பு, இறப்பு, வரவு, போக்கு எல்லாம் எழுதி ஆண்டுதோறும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கு அனுப்புகிறார்கள். இறந்தால் பிரேதப் பரிசோதனை உண்டு. நல்ல ஏற்பாடு. இதே ஏற்பாட்டைத் தாமாக வந்து வாழும் உயிர்களுக்கும் ஏன் நீட்டக் கூடாது?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நோட்டு. தேதி, நேரம், இடம், என்ன விலங்கு, எத்தனை, உயிரோடா இறந்தா. தீனி வைக்கப் போகும் பராமரிப்பாளர் காலையில் ஒரு வரி எழுதினால் போதும். "குளத்து மேற்குக் கரை, இராக்கொக்கு நான்கு, மீன் போடும் நேரத்தில் கூழைக்கடா அடைப்பின் சுவரில் காத்து நின்றன." "வேலியடியில் புதுக் குழி, நரியின் கால்தடம்." "ஆலமரத்தடியில் காகம் ஒன்று இறந்து கிடந்தது." மூன்றாவது வரி எழுதப்பட்ட அன்று கால்நடை மருத்துவருக்குச் செய்தி போக வேண்டும். இறந்த பறவையை வெறுங்கையால் தொடக் கூடாது, குப்பையில் எறியக் கூடாது, மருத்துவர் பார்க்கும் முன் புதைக்கவும் கூடாது. ஒரு நாள் ஒரு காகம் விழுந்தால் அது காகத்தின் விதியாக இருக்கலாம். ஒரே வாரத்தில் ஐந்து விழுந்தால்? அந்த ஐந்தையும் ஐந்து பேர் தனித்தனியாகப் பார்த்துவிட்டுப் போனால் யாருக்கும் எதுவும் தெரியாது. நோட்டு இருந்தால் ஐந்தும் ஒரே பக்கத்தில் இருக்கும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்கிறோம். கேட்ட ஓசையை எழுதி வைக்க ஓர் இடம் வேண்டாமா?

பின்வரிசையில் இருக்கும் தோழர்கள் ஏற்கெனவே இதைத் தங்கள் மனதில் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த மரத்தில் எத்தனை வவ்வால், எந்தக் குழாய்க்குள் எந்தப் பாம்பு என்று கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். அவர்கள் ஓய்வு பெறும் நாளில் அந்த அறிவும் அவர்களோடு வெளியேறிவிடுகிறது. அது நம் எல்லோருக்கும் நட்டம். ஆகவே நோட்டில் எழுதியவரின் பெயரும் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஆண்டறிக்கையிலும் அந்தப் பெயர் அச்சாக வேண்டும்.

வாசலருகே மேசையில் ஒரு கோரிக்கை மனு வைத்திருக்கிறோம். எல்லாப் பூங்கா இயக்குநர்களுக்கும் அதை அனுப்பப் போகிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். மாணவர்கள் போட முடியாது, ஆனால் பெற்றோரை அழைத்து வந்து போட வைக்கலாம். வனத்துறை அலுவலர் அவர்களின் கையில் ஒரு பிரதியை இந்த மேடையிலேயே கொடுக்கிறேன். ஒரே ஒரு பூங்காவில் ஓராண்டு சோதனையாகத் தொடங்கிப் பார்க்க அவர்கள் ஆவன செய்ய வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இறந்த பறவையைக் கண்டால் என்ன செய்வது என்பதை எனக்கு அடுத்துப் பேசும் மருத்துவர் அவர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். அவர்களுக்கு வழிவிட்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.