பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

அடுத்த கேள்வி மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, என்னிடம் இருப்பது டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020, டவர் மாடல். நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. வாலரன்ட், ஜிடிஏ 5 விளையாட வேண்டும். ஆர்எக்ஸ் 6600 கார்டு செகண்ட் ஹேண்டில் வருகிறது, எடுக்கலாமா?"

வேண்டாம் தம்பி. 6600 நல்ல கார்டுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் பெட்டிக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

முதலில் கரண்ட். அந்த கார்டு 132 வாட் இழுக்கும், தனியாக 8 பின் கேபிள் கேட்கும். உங்கள் டெல்லில் இருப்பது 290 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), கார்டுக்கான கேபிளே அதில் கிடையாது. ஹார்ட் டிஸ்குக்குக் கரண்ட் போகும் சாட்டா கேபிளில் ஒரு கன்வெர்ட்டர் மாட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் உருகும்.

சரி, எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றினால்? டெல் மதர்போர்டில் எஸ்எம்பிஎஸ் கேபிள் சொருகும் இடம் வழக்கமான 24 பின் கிடையாது, 8 பின்தான். அதற்கு அடாப்டர் கிடைக்கும். ஆனால் மலிவாக '500 வாட்' என்று விற்பதை வாங்குமுன் அதன் லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே 16 ஆம்ப் போட்டிருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 192 வாட். கார்டும் பிராசசரும் பெரும்பாலும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். அதே லேபிளில் இன்புட் 200-240 என்றிருந்தால் நம் பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். குறுவை நேரத்தில் மோட்டார்கள் ஓட ஆரம்பித்ததும் வீட்டு வோல்டேஜ் எப்படி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். 100-240 போட்டிருப்பது அந்த இறக்கத்தைச் சமாளிக்கும்.

அப்புறம் ஸ்லாட். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 3020-இன் போர்டில் இருப்பது எச்81 சிப்செட், அதனால் கார்டு சொருகும் ஸ்லாட் பிசிஐஇ 2.0 என்ற பழைய வேகம்தான். 6600-உம் ஆர்டிஎக்ஸ் 3050-உம் 8 லேன் கார்டுகள்; லேன் என்றால் கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் போய்வரும் பாதை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 லேன். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் மதகு சின்னதாக இருந்தால் வயலுக்கு அவ்வளவுதானே பாயும்? 6500 எக்ஸ்டியில் மெமரியும் 4 ஜிபிதான். அது நிரம்பினால் உங்கள் போர்டில் படம் திக்கித் திக்கித்தான் ஓடும். யாராவது இலவசமாகக் கொடுத்தால் பார்க்கலாம்.

ஆக, உங்களுக்கு என் தேர்வு ஜிடிஎக்ஸ் 1650. 2019-இல் வந்தது, பழசுதான். ஆனால் 16 லேனும் பயன்படுத்தும், 75 வாட்டுக்குள் ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். ஒன்று கவனிக்க வேண்டும்: 1650-இலேயே 6 பின் கேட்கும் மாடல்களும் உண்டு. கார்டின் மேல் விளிம்பில் பவர் சாக்கெட் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். ஜிடிஏ 5-ஐ 1080பி (ஃபுல் எச்டி) படத்தில் நன்றாகவே ஓட்டும்.

வாலரன்ட் வேறு கதை. அது கார்டை அதிகம் கேட்காது, பிராசசரைத்தான் கேட்கும். அதனால் மிச்சப் பணத்தில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 ரேம் போடுங்கள். இப்போது ஒரே ஸ்டிக்தான் இருந்தால், இரண்டாவது போட்டதும் டூயல் சேனல் ஆகிவிடும், அதாவது இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

செகண்ட் ஹேண்ட் தேடும்போது 'ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, 2048 எஸ்பி' என்று ஒன்று ஆசை காட்டும். எஸ்பி என்றால் ஸ்ட்ரீம் பிராசசர், கார்டுக்குள் படத்தைக் கணக்கிடும் சின்னச் சின்ன பிராசசர்கள். உண்மையான 580-இல் அவை 2304. 2048 என்பது அதற்குக் கீழே உள்ள ஆர்எக்ஸ் 570-இன் கணக்கு. பெயர் மட்டும் பெரிது, கரண்டும் தனி கேபிளில்தான் வேண்டும், உங்களுக்கு ஆகாது.

எந்தக் கார்டாக இருந்தாலும் கடையிலேயே மாட்டி, கால் மணி நேரம் கேம் ஓட விட்டு, மானிட்டர் சொருகும் போர்ட் எல்லாவற்றிலும் படம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடிய கார்டு என்றால் பின்பக்கத் தகட்டில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்; உப்புக்காற்று போர்டையும் விடாது. வாங்குமுன் உங்கள் எஸ்எம்பிஎஸ் லேபிளை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.