பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவில் வந்திருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, பொன்னாடைக்குப் பதில் நூலகத்துக்குப் புத்தகம் தந்த பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, பந்தல் போட்ட தம்பிகளே, பெற்றோர்களே, வணக்கம்.

பிள்ளைகளின் கிட்டப்பார்வைக்கு இரண்டு காரணம் பேச வந்தேன்: வெளிச்சம், வாசிக்கும் தூரம். ‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா’ என்பார்கள். அந்தச் சூரியனிடமிருந்தே தொடங்குகிறேன்.

சிங்கப்பூரிலும் சிட்னியிலும் 6, 7 வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வு 2008-ல் வெளியானது. ஒரே வம்சம், பெற்றோரின் கண்ணாடிக் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கிட்டப்பார்வை சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்கு, சிட்னியில் 3 பேருக்கு! ‘சிட்னிப் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடமாட்டார்கள் போல’ என்று அந்த மூலையில் ஒரு அம்மா முணுமுணுப்பது தெரிகிறது. இல்லையம்மா, வாரத்தில் அதிகப் புத்தகம் வாசித்ததே அவர்கள்தான். வாசித்துவிட்டு வெளியே ஓடினார்கள். வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் வெளியில். சிங்கப்பூர்ப் பிள்ளைக்குக் கிடைத்தது 3 மணி நேரம்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வகுப்பறை வெளிச்சம் 300, 500 லக்ஸ் இருந்தாலே பெரிது. வேப்பமர நிழலில் அது பல ஆயிரம். மொட்டை வெயிலில் நிற்கவே வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் விழித்திரை டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது, அது விழிக்கோளம் நீளாமல் பிடித்து வைக்கிறது என்பதே இன்று வலுவாக நிற்கும் விளக்கம். கோளம் 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் ஏறக்குறைய மைனஸ் இரண்டரை பவர். நீண்டது சுருங்காது, வெயில் கண்ணாடியைக் கழற்றித் தராது. பவர் வந்த பிறகு மைதானத்துக்கு விரட்டினால் பலன் குறைவு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?

சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவீதம். வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5. தைவான் தினம் 120 நிமிடம் என்றே வைத்துவிட்டது.

இங்கே? காலாண்டு முடிந்ததும் பி.டி. பீரியட் கணக்கு வாத்தியார் கைக்குப் போய்விடுகிறது. கணக்கு வாத்தியார்கள் மன்னிக்க வேண்டும், அந்த 40 நிமிடம் கண்ணுக்கு உரியது. காலை இடைவேளை 10, சாப்பாட்டுக்குப் பின் நிழலில் 30, பி.டி. 40, மாலை டியூஷனுக்கு முன் தெருவில் 40. கூட்டிப் பாருங்கள், 120. இடைவேளையில் வகுப்பறையைப் பூட்டினாலே பாதி வேலை முடிந்தது.

வாசிக்கும் தூரம் பள்ளி ஸ்கேல் அளவு, 30 செ.மீ.; அரை மணிக்கு ஒருமுறை தலை நிமிர வேண்டும். இதற்கு மேல் பேச நேரமில்லை, ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். கல்வி அலுவலர் ஐயாவிடம் ஒரே விண்ணப்பம்: அடுத்த முறை ஆய்வுக்கு வரும்போது பி.டி. பீரியடில் வாருங்கள், மைதானத்தில் எத்தனை தலை என்று எண்ணுங்கள். நன்றி, வணக்கம்.