வியாழன் மழை திங்கள் கணக்கில்

வணக்கம் நண்பர்களே, பூம்பாறையில் இருந்து பேசுகிறேன். பின்னால் வெள்ளையாகத் தெரிவது சுவர் இல்லை, பனிமூட்டம்.

பக்கத்துப் பூண்டுத் தோட்டத்து அண்ணன் நேற்றுக் காலையில் போனை நீட்டி, "தம்பி, வியாழன் ராத்திரி பெய்த மழை உன் மெஷினில் திங்கள் என்று காட்டுதே?" என்றார். நியாயமான கேள்வி.

மழை அளக்கும் என் ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் இந்த டிபன் பாக்ஸுக்குள்தான் இருக்கிறது. இதில் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், கடைசியாகக் குறித்து வைத்த நேரத்தில் இருந்தே எண்ணத் தொடங்கும். சரியான நேரத்தை நெட்டில் கேட்டு வாங்குவது க்ரோனி என்ற புரோகிராமின் வேலை. இங்கே மூன்று நாள் கரண்ட் இல்லை. அதற்கு முந்தின ஞாயிறுதான் சிஸ்டத்தை அப்கிரேட் செய்திருந்தேன்.

முதலில் ரவுட்டரைச் சந்தேகப்பட்டு, நேரம் கேட்கும் வழியான 123-ஆம் போர்ட்டை நோண்டி ஒரு மணி நேரம் வீண். நெட் இல்லாவிட்டால் க்ரோனி காத்திருக்கும், சாகாது. இதுவோ செத்துக் கிடந்தது. சிஸ்டத்தின் குறிப்பேடான லாக்கைத் திறந்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப: 'கில்டு, ஸ்டேட்டஸ் 31, சிஸ்'. அதாவது, அனுமதி இல்லாத சிஸ்டம் கால் ஒன்றை (கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்பது) க்ரோனி போட்டதால், சிஸ்டத்தின் மையமான கெர்னலே அதைக் கொன்றிருக்கிறது.

என்னுடையது போல டெபியன் லினக்ஸ் வழி வந்த சிஸ்டங்களில் க்ரோனி 'மைனஸ் எஃப் 1' என்ற வடிகட்டியோடு ஓடும்; பட்டியலில் உள்ள சிஸ்டம் கால்களை மட்டும் அது விடும். அதை 0 ஆக்கி, அதாவது வடிகட்டியை அணைத்துப் பார்த்தேன், உடனே ஓடியது. சரி, குற்றவாளி வடிகட்டியா? இல்லை, நான்தான். போன வருஷம் எதற்கோ க்ரோனியை அப்கிரேட் ஆகாதபடி 'ஹோல்ட்' போட்டு மறந்திருக்கிறேன். ஞாயிறு அப்கிரேடில் வந்த சி லைப்ரரி (புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அடிப்படைத் தொகுப்பு) புதிது, க்ரோனி பழையது. புதிய லைப்ரரி போடும் சிஸ்டம் கால் பழைய வடிகட்டியின் பட்டியலில் இல்லை.

0-விலேயே விட்டுவிடலாம் என்பார்கள். வெளியில் இருந்து டேட்டா வாங்கும் புரோகிராமை வடிகட்டி இல்லாமல் விட எனக்குப் பிடிக்காது. ஹோல்டை எடுத்து, க்ரோனியைப் புதுப்பித்து, மறுபடி 1 வைத்தேன். சாகாமல் ஓடுகிறது.

இன்னொன்று: க்ரோனியின் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கில் 'மேக்ஸ்டெப்' (makestep) வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் ஒரே தாவலில் நேரம் சரியாகும். இல்லாவிட்டால் க்ரோனி கடிகாரத்தை மெல்ல இழுக்கும். வழக்கமான உச்ச வேகத்திலேயே 12 வினாடிக்கு ஒரு வினாடிதான் தேறும். மூன்று நாளைச் சரிக்கட்ட 36 நாள்!

மழைக் கணக்கில் இருந்த தப்பான வரிகளைக் கையாலேயே வியாழனுக்கு மாற்றிவிட்டேன். அண்ணனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அதோ, வாசலில் வாளி வைத்திருக்கிறார்.