தண்டனைக்கு முன் ஒரு கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

சிறையில் ஒருவரைக் காவலர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவர் எழுந்து வரவில்லை. கையைப் பிடித்து இழுத்ததும் அடிக்கப் பாய்கிறார். பதிவேட்டில் அது ஒழுங்குமீறல். அப்போது அவர் காதில் இல்லாத குரல்கள் ஒலித்துக்கொண்டிருந்தனவா என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டே ஆகவேண்டும். 12 நாடுகளில் ஏறத்தாழ 23,000 சிறைவாசிகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஏழு பேரில் ஒருவருக்குக் கடும் மனநோயோ தீவிர மனச்சோர்வோ இருந்தது. சிறைவாசிகளை எப்படி நடத்த வேண்டும் என்று வகுத்து 2015-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளும் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: நோயின் நேரடி விளைவான செயலுக்குத் தண்டனை கூடாது. 39-ஆவது விதி அது.

மனநோய் இல்லாமலே கைநீட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேவை நடத்தைப் பயிற்சி. தொலைபேசி வரிசையில் பின்னால் நின்றவர் தோளில் இடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வேண்டுமென்றே சீண்டுகிறான்' என்று மனம் முடிவுகட்டுகிறது. தாடை இறுகுகிறது, கை ஓங்குகிறது. எல்லாம் ஓரிரு நொடிகளில். பயிற்சிக் குழு அந்த நொடிகளைத்தான் பிரித்துப் பார்க்கிறது. என்ன நினைத்தீர்கள்? உடம்பில் எங்கே சூடேறியது? இடித்ததற்கு வேறு காரணம் இருந்திருக்குமா? பிறகு இருவர் எழுந்து அதை நடித்துக் காட்ட வேண்டும். முதல் தடவை குரல் தானாக உயர்ந்துவிடும். பணிந்துபோகாமலும் பாயாமலும், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்று சொல்ல வரும்வரை திரும்பத் திரும்ப நடிப்பார்கள். அறிவுரைக் கூட்டத்தில் இது வராது. சிறை ஒழுங்குமீறல் குறித்த 68 ஆய்வுகளை ஒப்பிட்டு பிரெஞ்சு, ஜென்ட்ரோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட முடிவிலும் நடத்தைப் பயிற்சிகளே முன்னணியில் நின்றன.

தனிமைச் சிறையோ இதற்கு நேர் எதிர். ஒரு நாளில் 22 மணி நேரம் மனித முகமே பார்க்காதவர் யாரிடம் பொறுமையைப் பழகுவார்? தூக்கம் கெட்டு, சந்தேகம் முற்றி வெளியே வருகிறார். தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் தனிமைச் சிறை கூடாது என்று மண்டேலா விதிகள் தடுப்பது வீணாக அல்ல.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வகுப்பில் கற்றதை அந்தச் சிறைவாசி முதலில் முயன்று பார்ப்பது காவலர் முன்னால்தான். அவர் கேலி செய்தால் அத்தனை உழைப்பும் பாழ். ஆகவே காவலர்களுக்கும் இதே பயிற்சியைக் கொடுங்கள். அதையும் பணி நேரத்திலேயே கொடுங்கள்.